சேறு என்று பெயர் வைத்த உலகம்



வழக்கமாக நம் ஊர்க் கதையைத்தான் எழுதுவேன். இந்த முறை இங்கிலாந்து வரை போகப் போகிறோம். ஆனால் பெயரைக் கேட்டால் நம் ஊர்ச் சமாசாரம் போலவே இருக்கும். நான் எழுதப் போகும் விஷயத்தின் பெயர் ‘மட்’. ஆங்கிலத்தில் சேறு, குழைந்த மண் என்று அர்த்தம். மண்ணைக் குழைத்து அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்து பிழைக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா?

இது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆனால் உங்கள் பிள்ளைகள் செல்போனில் ஆடுவது போல் இல்லை. படம் கிடையாது, சத்தம் கிடையாது, துப்பாக்கி வெடிக்காது. திரையில் எழுத்து மட்டும்தான் வரும். அந்த எழுத்துக்குள்ளேயே காடு, மலை, கோட்டை, புதையல், நண்பர், எதிரி எல்லாம் இருந்தன. வேறு வேறு ஊரில், வேறு வேறு நாட்டில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடினார்கள். இன்று கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் உலகங்களுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி.

ரிட்டயர் ஆன டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. பிறப்பு எதுவானாலும் முயற்சியால் மேலே வரலாம் என்ற எண்ணத்தை மனதில் வைத்து இரண்டு மாணவர்கள் கட்டிய உலகம் இது. அது ஒன்று. ‘வெறும் எழுத்துதானே டீச்சர்’ என்று நீங்கள் அடிக்கடி சொல்லும் பேச்சுக்கு இந்த உலகம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அது இரண்டாவது.

முதலில் விளையாட்டு எப்படி இருக்கும் என்று புரியவைக்கிறேன். கறுப்புத் திரையில் இப்படி எழுத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘நீ ஏழாம் வகுப்பு அறையில் நிற்கிறாய். வடக்கே ஜன்னல். கிழக்கே வாசல். மேசை மேல் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. செல்வி இங்கே இருக்கிறாள்.’ நீங்கள் ‘எடு சாக்பீஸ்’ என்று தட்டினால், ‘எடுத்துவிட்டாய்’ என்று பதில் வரும். அதே நொடியில், எங்கோ வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் செல்வியின் திரையில், ‘முருகன் சாக்பீஸை எடுத்தான்’ என்று வரும். நீங்கள் ‘கிழக்கு’ என்று தட்டினால் வராந்தாவுக்குப் போய்விடுவீர்கள். செல்வி திரையில், ‘முருகன் கிழக்கே போனான்’ என்று வரும். செல்வி ‘சாக்பீஸைக் கொடுடா’ என்று கத்தினால் வராந்தாவில் இருக்கும் உங்களுக்குக் கேட்கும், அதாவது எழுத்தாக வரும். அவ்வளவுதான் விளையாட்டு. மீதியெல்லாம் உங்கள் மனசு கட்டிக்கொள்வது.

எழுத்திலேயே ஒரு உலகமா என்று சந்தேகப்படுபவர்கள் நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் இடத்தில் அரண்மனை செட்டு ஏதாவது இருக்கிறதா? ஒரு பெஞ்சு இருக்கும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னாலிருந்து துரியோதனன் தான் யார் என்று பாடிக்கொண்டே வருவான். கட்டியங்காரன் ஒரு கேள்வி கேட்பான். உடனே அந்த மண் தரை அஸ்தினாபுரம் ஆகிவிடும். சொல்லால் இடம் உண்டாகும் வித்தை நமக்குப் புதிதல்ல. பார்ப்பவர்களும் உள்ளே புகுந்து ஆடலாம் என்பதுதான் மட்டில் புதிது.

இனி வரலாறு.

1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் கிரவுதர் என்று ஒரு புரோகிராமர் இருந்தார். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்த ஆர்ப்பாநெட் என்ற முதல் வலையமைப்பில் வேலை செய்தவர்களில் ஒருவர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவர் பொழுதுபோக்கு. கென்டக்கியில் உள்ள மாமத் குகையின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும். விவாகரத்துக்குப் பிறகு, தன் இரண்டு பெண் குழந்தைகளும் தன்னைப் பார்க்க வரும்போது விளையாடட்டும் என்று, அந்தக் குகையை எழுத்தாலேயே கம்ப்யூட்டருக்குள் கட்டினார். அதுதான் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டு. இரண்டு சொல்லில் கட்டளை கொடுத்தால் போதும். அதை ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் என்ற மாணவர் பார்த்தார். கிரவுதரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கினார். 1977-ல் அது பல்கலைக்கழகங்களில் காட்டுத்தீ போலப் பரவியது. அதே வருடம் எம்.ஐ.டி. மாணவர்கள் ‘ஸார்க்’ என்று இன்னொன்று செய்தார்கள்.

ஆனால் இவை எல்லாம் தனியாள் விளையாட்டு. குகைக்குள் நீங்கள் மட்டும்தான். கூப்பிட்டால் எதிரொலிதான் வரும்.

1978-ஆம் ஆண்டுக்கு வருவோம். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து பாடக்குறிப்பு எழுதிக் கையொடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தில் கோல்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், ராய் டிரப்ஷா என்ற மாணவர் ஒரு காரியம் செய்தார். அங்கே டெக்-10 என்ற பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. பலர் ஒரே நேரத்தில் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து அதைப் பயன்படுத்துவார்கள். அப்படி இருக்கும்போது ஒரே குகைக்குள் பலர் ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்து அவர் எழுதிய நிரல்தான் மட். ‘பலர் நுழையும் நிலவறை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகள் அவை. நிலவறை என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸார்க் விளையாட்டின் ஒரு பதிப்பு அந்தப் பெயரில்தான் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

டிரப்ஷாவோடு சேர்ந்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். யார்க்ஷயர் கடற்கரைப் பக்கத்திலிருந்து படிக்க வந்த பையன். 1980-ல் டிரப்ஷா பொறுப்பை ஒப்படைத்த பிறகு, அந்த உலகத்தின் பெரும்பகுதியைக் கட்டி முடித்தவர் பார்ட்டில்தான்.

இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். இங்கிலாந்தில் நம்மைப் போல் சாதி இல்லை என்றாலும் வர்க்கம் என்ற ஒன்று உண்டு. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே நீ எந்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கண்டுபிடித்து, அதற்குத் தக்க இடத்தில் வைக்கும் சமூகம் அது. அதன் மேல் இருந்த கோபமும் மட்டில் கலந்திருக்கிறது என்று பார்ட்டில் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்த உலகத்துக்குள் எல்லோரும் ஒரே குறுகலான பாதையில், வெறுங்கையோடு தொடங்க வேண்டும். லார்டு வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வீட்டுப் பிள்ளைக்கும் அதே பூஜ்ஜியம்தான்.

கணக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் அந்தப் புள்ளி முறை எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத்தில் நீங்கள் கற்றுக்குட்டி. 400 புள்ளி சேர்த்தால் போர்வீரர். 800 வந்தால் நாயகர். அடுத்து 1,600, 3,200, 6,400 என்று ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு. 1,02,400 வந்தால் உச்சப் படி. ஆணானால் மந்திரவாதி, பெண்ணானால் சூனியக்காரி. பெருக்குத் தொடர் நடத்தும்போது இந்த உதாரணம் கையில் இருந்திருந்தால் நீங்கள் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

புள்ளி எடுக்கும் வழி இன்னும் வேடிக்கை. புதையலைத் தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சதுப்பு நிலத்தில் போட்டுவிட வேண்டும். போட்டால்தான் புள்ளி. இதைப் படித்தபோது எனக்கு நம் மணிமுத்தாறுதான் ஞாபகம் வந்தது. சுந்தரர் நம் பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது நீங்கள் எல்லோரும் பாட்டியிடம் கேட்ட கதை. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்ற பழமொழியையும் அந்தக் கதையோடு சேர்த்தே சொல்வோம். எசெக்ஸ் பையன்களுக்கு சுந்தரரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கையில் இருப்பதைச் சேற்றில் விட்டால்தான் மேலே போகலாம் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

மந்திரவாதி ஆனவருக்கு அதிகாரம் வந்துவிடும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கலாம். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒரே கட்டளையில் யாரையும் சாகடிக்கலாம். அந்த மட்டில் சண்டையில் செத்தால் செத்ததுதான், மாதக்கணக்கில் சேர்த்த புள்ளி எல்லாம் போய்விடும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிறப்பால் வந்த அதிகாரம் இல்லை, உழைத்து வாங்கியது. ஆனாலும் அதிகாரம் அதிகாரம்தான்.

1980-ல் எசெக்ஸின் கம்ப்யூட்டருக்கு ஆர்ப்பாநெட் தொடர்பு கிடைத்தது. வெளியாட்களும் உள்ளே வர ஆரம்பித்தார்கள். பகலில் கம்ப்யூட்டர் பல்கலைக்கழக வேலைக்கு வேண்டும் என்பதால், ஆள் நடமாட்டம் இல்லாத இரவு வேளைகளில் வெளியாட்களுக்கு அனுமதி. வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு மாட்டிக்கொண்டு, பில் எவ்வளவு வருமோ என்ற பயத்தோடு விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். 1987-ல் அமெரிக்காவின் காம்புசர்வ் நிறுவனம் இதே விளையாட்டை ‘பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில், மணிக்கணக்குக்குக் காசு வாங்கி நடத்தியது. அது 1999 வரை ஓடியது.

காசுக்கு விற்ற கதையைவிட, மாணவர் கையிலிருந்து மாணவர் கைக்குப் போன கதைதான் பெரியது. 1987-ல் வேல்ஸில் அபரிஸ்ட்வித் ஊர்க் கல்லூரியில் ஆலன் காக்ஸும் நண்பர்களும் ‘அபர்மட்’ எழுதினார்கள். இந்த ஆலன் காக்ஸ் பிற்காலத்தில் லினக்ஸ் வளர்ச்சியில் பெயர் பெற்றவர். 1989-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் ‘டைனிமட்’ செய்தார். அதில் புள்ளி இல்லை, கொலை இல்லை. வந்தவர் யாரானாலும் தன் பங்குக்கு ஒரு அறை, ஒரு தோட்டம், ஒரு டீக்கடை என்று கட்டிக்கொண்டே போகலாம். அதே வருடம் ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ ‘எல்பிமட்’ செய்தார். ஆட்டத்தில் உச்சம் தொட்டவர் மந்திரவாதி ஆகி, உலகத்தின் புதிய பகுதிகளைத் தானே எழுதலாம். நன்றாகப் படித்த பிள்ளை அடுத்த வகுப்புக்குப் பாடம் எழுதுவது போல. அடுத்து டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர், ஒரு பெண்ணும் நான்கு ஆண்களும், ‘டிக்குமட்’ எழுதி 1991-ல் வெளியிட்டார்கள். யாரும் எடுத்து நடத்தலாம், ஆனால் அதை வைத்துக் காசு பண்ணக்கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

நம் நாட்டுக்கு இதெல்லாம் எப்போது வந்தது? 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ‘எர்நெட்’ என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒரு உறுப்பு. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அப்போது ‘ஷெல் அக்கவுண்ட்’ என்று ஒன்று கொடுத்தார்கள். மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது அதுதான். அதில் படம் வராது, எழுத்து மட்டும் வரும். எழுத்து மட்டும் வரும் இணைப்புக்கு, எழுத்தால் ஆன உலகம் தோதாக இருந்தது. படம் பார்க்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்திருந்தது.

அந்த வாசலில் நுழைந்தவர்களில் என் மாணவன் ஒருவனும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவன் அனுமதி கொடுத்தது கதைக்கு மட்டும்தான். இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். போன வருடம் ஊருக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தான். மட் என்ற சொல்லையே நான் முதலில் கேட்டது அவன் வாயால்தான். 1990களின் பின்பகுதியில் வெளியூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவன். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் சீனியர்கள் கேட்ட கேள்வி, ‘எந்த ஊரு?’ ‘விருத்தாசலம் பக்கம்.’ ‘ஊர்ல எந்தத் தெரு?’ எதற்காக அந்த இரண்டாவது கேள்வி என்று உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதில் சொன்ன பிறகு மெஸ்ஸில் அவன் பக்கத்து நாற்காலி பல நாள் காலியாக இருந்ததாம்.

ராத்திரியில் கம்ப்யூட்டர் லேபில் மட்டுக்குள் போவானாம். “அங்க ஒரு பேரு வச்சுக்கிட்டேன் டீச்சர். அந்தப் பேருக்கு அப்பா கிடையாது, ஊர் கிடையாது. ஒருத்தரும் எந்தத் தெருன்னு கேக்கல. வழி தெரியாதவங்களுக்கு வழி சொல்லுவேன். அதனால எனக்கு மரியாதை இருந்துச்சு” என்றான். நாற்பது வயது தாண்டிய ஆள் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

பார்ட்டிலும் டிரப்ஷாவும் எதற்காக அந்த உலகத்தைக் கட்டினார்களோ, அது எங்கேயோ பிறந்த நம் ஊர்ப் பிள்ளை ஒருவனுக்குப் பயன்பட்டிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் டீச்சர் புத்தி அதோடு நிற்காதே. அவன் போன பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. தன்னை மறைத்துக்கொண்டால்தான் மரியாதை கிடைக்கும் என்றால் அது முழுச் சமத்துவமா? மரியாதை கிடைத்தது அவன் வைத்துக்கொண்ட பெயருக்கு. அவனுக்கு மெஸ்ஸில் அடுத்த நாள் காலையிலும் அதே காலி நாற்காலிதான். அந்த உலகங்களிலும் பாருங்கள், ‘நான் ஒரு பெண்’ என்று சொன்னவர்களுக்கு நிம்மதி இருக்கவில்லை. பேவல் கர்ட்டிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1992-ல் எழுதிய கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண் பெயரில் வருபவர்களை விடாமல் சுற்றி வருவதும் தொந்தரவு கொடுப்பதும் உண்டு. அதனால் சில பெண்கள் ஆணாகவோ, எதுவும் சொல்லாமலோ உலவினார்கள். எந்தத் தெரு என்ற கேள்வி போனது, ஆணா பெண்ணா என்ற கேள்வி போகவில்லை.

இந்த பேவல் கர்ட்டிஸ் நடத்திய உலகத்தில்தான் வரலாற்றில் பேசப்படும் ஒரு சம்பவம் நடந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர் அவர். 1990-ல் ‘லாம்டாமூ’ என்ற உலகத்தைத் தொடங்கினார். தன் சொந்த வீட்டையே மாதிரியாக வைத்து அதைக் கட்டினார். கோட்டு மாட்டும் அலமாரி வழியாக நுழைந்தால் கூடம் வரும். கூடத்தில் எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்க் கோயில் மண்டபம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1993-ல் ஒரு நாள் இரவு ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் ஒருவர் அந்தக் கூடத்துக்கு வந்தார். அடுத்தவர் செய்வது போலவே பொய்யாக வாக்கியம் வரவைக்கும் ஒரு சிறு நிரலை வைத்திருந்தார். அதைக் கொண்டு, அங்கிருந்த சிலர் மீது, முக்கியமாகப் பெண் பாத்திரங்கள் மீது, இங்கே எழுதக் கூசும் பாலியல் வன்முறைகளை வாக்கியம் வாக்கியமாக எல்லோர் முன்னிலையிலும் எழுதினார். அவர்களே அதைச் செய்வது போலவும் எழுதினார். யாரும் யாரையும் தொடவில்லை. எல்லாம் எழுத்துதான். ஆனால் பாதிக்கப்பட்ட ஒரு பெண், மறுநாள் அதைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வழிந்தது என்று பின்னர் சொன்னார். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அந்த ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் இதை விரிவாக எழுதினார். இணையத்தில் நடக்கும் வன்முறை பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

யார் தண்டிப்பது? இங்கேதான் சிக்கல். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் லாம்டாமூவின் மந்திரவாதிகள், அதாவது நிர்வாகிகள், ‘இயந்திரத்தை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்கள் சண்டை சச்சரவில் இனித் தலையிட மாட்டோம்’ என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே மக்கள் தாங்களே கூடிப் பேசினார்கள். அவனை நீக்க வேண்டும் என்றார்கள் சிலர். சட்டமே இல்லாதபோது எப்படித் தண்டிப்பது என்றார்கள் சிலர். வெறும் எழுத்துதானே என்றவர்களும் இருந்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து போலவே மணிக்கணக்கில் பேசி, முடிவு எட்டாமல் கலைந்தது கூட்டம். கடைசியில் ஒரு மந்திரவாதி, தானே யோசித்து, தன் அதிகாரத்தால் அந்தப் பாத்திரத்தை அழித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய கர்ட்டிஸ் இதைப் பார்த்துவிட்டு, மனுக் கொடுக்கவும் வாக்கெடுப்பு நடத்தவும் ஒரு முறையை உருவாக்கினார். போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் மனு வாக்கெடுப்புக்குப் போகும். வென்றால் மந்திரவாதிகள் அதை நிறைவேற்ற வேண்டும். எழுத்தால் ஆன ஊருக்கு எழுதப்பட்ட சட்டம் வந்தது. அது சுகமாகவும் முடியவில்லை. ஓயாத வழக்கு, ஓயாத வாக்குவாதம். 1996-ல் மந்திரவாதிகள் மறுபடி அறிக்கை விட்டார்கள்: தலையிடாமல் இருப்பது என்பதே நடக்காத காரியம், இனி தேவையானபோது முடிவெடுப்போம் என்று.

சமூக அறிவியல் நடத்திய எனக்கு இதைப் படிக்கும்போது பாடப் புத்தகமே கண்முன் வந்தது. அரசு என்றால் என்ன, சட்டம் எங்கிருந்து வருகிறது, அதிகாரத்தில் இருப்பவன் ஒதுங்கி நின்றால் யாருக்கு லாபம் என்ற கேள்விகளை எல்லாம் ஒரு விளையாட்டு ஆறே வருடத்தில் நடத்திக் காட்டிவிட்டது. மேலே இருப்பவன் ஒதுங்கினால் பலமுள்ளவன் ஆடுவான். மேலே இருப்பவன் தனியாக முடிவெடுத்தால் அது நல்ல முடிவானாலும் நியாயமாகத் தெரியாது. கூடிப் பேசுவது அலுப்பானது. ஆனால் அதைவிட நல்ல வழியை அவர்களும் கண்டுபிடிக்கவில்லை, நாமும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு படங்கள் வந்தன. 1997-ல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1999-ல் ‘எவர்குவெஸ்ட்’, 2004-ல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. எவர்குவெஸ்ட் டிக்குமட்டை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கிறது என்று பேச்சு எழுந்து, அதன் நிரலை நாங்கள் எடுக்கவில்லை என்று 2000-ல் அந்த நிறுவனத்தார் உறுதிமொழிப் பத்திரமே எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. இன்று உங்கள் பிள்ளைகள் விளையாட்டில் வரும் அரக்கர்களை ‘மாப்’ என்கிறார்கள் அல்லவா? நடமாடுவது என்ற பொருளில் பார்ட்டில் அந்த நாளில் வைத்த சொல்லின் சுருக்கம் அது. எழுத்து உலகங்கள் செத்துப்போகவில்லை. இப்போதும் சில ஓடுகின்றன. பார்வையற்றவர்கள் பலர், திரையில் வரும் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு அவற்றில் ஆடுகிறார்கள். படம் வந்ததும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு எழுத்து இன்றும் வாசல் திறந்து வைத்திருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். அதுவும் எழுத்தால் ஆன ஒரு கூடம்தான். அங்கேயும் அட்மின் என்று மந்திரவாதி உண்டு. சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர்கள் குழு ஒன்றில், ஒரு பெண்ணின் அப்பா செய்த தொழிலைச் சொல்லி ஒருவர் கிண்டல் செய்தார். பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அட்மின் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டாள். ஏன் இப்படி என்று நான் கேட்டபோது வந்த பதில், ‘சும்மா எழுதினதுதானே டீச்சர்.’

லாம்டாமூ கூடத்தில் இருந்தவர்களில் சிலரும் இதையேதான் சொன்னார்கள். எழுத்தால் ஒரு பையனுக்கு மரியாதை கிடைக்கும் என்றால், அதே எழுத்தால் ஒரு பெண்ணின் மரியாதை போகவும் செய்யும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவது கணக்குக்கு ஒத்துவராது.

நம் ஊர்ச் சூளைக்காரர்களைக் கேளுங்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மை பார்ப்பதற்கு முழுசாக இருக்கும். ஆனால் மழையில் வைத்தால் கரைந்துவிடும். சூளையில் வெந்தால்தான் நிற்கும். நாலு பேர் கூடும் எந்த இடத்துக்கும் அந்தச் சூடு வேண்டும். என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது, மீறினால் யார் கேட்பது என்று கூடிப் பேசி வைப்பதுதான் அந்தச் சூடு.

ஆகவே அட்மின்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் குழுவில் மூன்று விதி எழுதிப் போடுங்கள். நீங்களாக எழுதாமல் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். விட்டுப் போனவர்கள் இருந்தால் போன் செய்து பேசுங்கள். அந்தப் பெண்ணோடு நான் பேசிவிட்டேன். திரும்பி வருவது பற்றி அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அது அவள் இஷ்டம்.

கல்லூரி நாட்களில் உங்களில் வேறு யாராவது இந்த மட்டுக்குள் போயிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். எந்தப் பெயரில் போனீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பார்ட்டில் 1996-ல் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரை அடிக்க வருபவர். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அந்த நான்கு பெஞ்சும் நன்றாகவே தெரியும். நீங்கள் எந்தப் பெஞ்சு என்று நான் சொல்லவா, நீங்களே சொல்கிறீர்களா?

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
விருத்தாசலம்